பேனாவில் போட்ட பாதை

தோட்டத்துக் கூட்டாளிகளே, இதைப் படிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். போன வாரம் நம் வாட்சாப் குழுவில் வந்த படத்தை இன்னொரு தடவை திறந்து பாருங்கள். மலாக்கா டவுனில் ஏதோ ஒரு காப்பிக் கடை. ஐந்தாறு இளசுகள் மேசையைச் சுற்றிக் குனிந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு வரைபடம், எட்டு முகமும் இருபது முகமுமாகப் பகடைகள். ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக நடந்து போகிற ஆட்டம். படத்துக்குக் கீழே நம்மில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பேரப்பிள்ளைங்கள இதுக்கெல்லாம் விடாதீங்க. பேய் ஆட்டம். நம்ம தோட்டத்துல ஒரு உயிர் போனது மறந்து போச்சா?" அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு. நானும் ஒரு கும்பிடு போட்டேன். போட்டுவிட்டு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மறக்கவில்லை. ஐம்பத்தைந்து வயதாகிறது, சர்க்கரை இருக்கிறது, பாயா ரும்புட்டில் மகன் வீட்டு மாடிப்படி ஏறினால் முட்டி கத்துகிறது, சாவியை எங்கே வைத்தேன் என்று தினமும் தேடுகிறேன். அது மட்டும் மறக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தது பாதிக்கதை. மீதியை ஒரு நோட்டில் பேனாவால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எனக்குத் தட்டச்சு வராது என்று நினைக்க வேண்டாம். ஏன் பேனா என்பது போகப்போகத் தெரியும்.

நமக்குப் பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்பு முடிந்து, ஜனவரியில் டவுன் பள்ளிக்கூடத்தில் புகுமுக வகுப்புக்குக் காத்திருந்த டிசம்பர். தோட்டத்தில் பாதியை விற்றுவிட்டார்கள். வடக்குப் பக்கம் இருந்த ரப்பர் மரங்கள், நம் கித்தா மரங்கள், தினமும் சாய்ந்தன. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் காதில் புல்டோசர் சத்தம்தான் முதலில் விழும். மரத்தைச் சாய்த்த இடத்தில் மண் தோண்டி, லோரி லோரியாக ஏற்றிக் குருபோங் பக்கம் கொண்டுபோய்ப் பள்ளம் நிரப்பினார்கள். ஈர மண்ணும் டீசலும் கலந்த நாற்றம் துணியில்கூட ஒட்டிக்கொண்டது. பெரிய லோங்காங் வாய்க்காலைத் தாண்டி எந்தப் பிள்ளையும் கால் வைக்கக் கூடாது என்று ஆட்களை வேலை வாங்குகிற தண்டல் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று கேட்டால் பெரியவர்கள் சொன்ன பதில் ஒன்றுதான். "உனக்கு எதுக்கு அது?"

அந்தப் பக்கம்தான் நம் சுடுகாடும் இருந்தது. சுடுகாடு என்று பேர், புதைப்பதுதான் வழக்கம். கம்போஜாப் பூ மரங்களுக்குக் கீழே குழிகள். பாதிக்குச் சிலுவை, பாதிக்கு வெறும் மேடு. அதை மட்டும் தொட மாட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். போன மாதமே எடுத்துவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இந்த நேரத்தில்தான் ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி வீட்டுக்கு அந்தப் பெட்டி வந்தது. கிராணி யாழ்ப்பாணத்துக் குடும்பம், அது உங்களுக்குத் தெரியும். அவருடைய ஒரே மகள், நாம் எல்லாரும் 'கிராணி வீட்டு அக்கா' என்போமே, ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக வீட்டில் சும்மா இருந்தாள். லண்டனிலிருந்து சித்தப்பா அனுப்பிய அட்டைப் பெட்டி. மூடியில் வாள் பிடித்த வெள்ளைக்காரன். உள்ளே இரண்டு ஆங்கிலப் புத்தகம், ஆறு பகடை. தனியாக விளையாட முடியாத ஆட்டம் என்பதால் எங்களைக் கூப்பிட்டாள். ஐந்து பேர் போனோம். நான், லோரி டிரைவர் மகள், உங்களில் மூன்று பேர். யார் என்று சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

முதல் நாள் மகா மோசம். அக்கா புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். நடக்கிறோம், ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் பூதம், பகடை போடு. மறுபடி நடக்கிறோம், கதவு, பூதம். டிரைவர் மகள் பெரிதாகக் கொட்டாவி விட்டாள்.

"என்னா லா அக்கா இது? நடக்குறோம், கதவு, பூதம். நடக்குறோம், கதவு, பூதம். இதுக்கு நான் வீட்டுல மாட்டுக்குப் புல்லு அறுத்திருப்பேன்."

அவளுக்கு வாய் அப்படி. யார் எவர் என்று பார்க்க மாட்டாள். அக்காவின் முகம் சிவந்துபோய்விட்டது. பெட்டியை மூடி வைத்துவிட்டு மூன்று நாள் எங்களைக் கூப்பிடவே இல்லை. நான்காம் நாள் கூப்பிட்டாள்.

பூதத்தை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டாள். மேசைமேல் இருந்தது ஒரு பழைய செக்ரோல் புத்தகம், அதுதான் ஆள் வருகை எழுதுகிற பேரேடு. கரையான் அரித்ததென்று ஆபீசில் ஒதுக்கியது. பெரிய பெரிய கட்டம் போட்ட தாள்கள். இரண்டு வெறுந்தாளை ஒட்டி, கீழ் மூலையில் எங்கள் வீட்டு வரிசையான லயத்தை மட்டும் வரைந்திருந்தாள். மற்ற இடமெல்லாம் வெள்ளை. "இது தோட்டம். நீங்க பழைய ஆக்கள். ஒரு காலமை பெரட்டுக்கு எழும்பிப் போறீங்க, தோட்டத்தைக் காணேல்ல. எங்க போச்சு எண்டு தேட வேணும். இனி நான் படம் கீற மாட்டன். நீங்க நடந்து நடந்து நீங்களே கீறுங்கோ."

ஆங்கிலப் பேர் எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் செக்ரோலில் இருந்த பழைய ஆள் நம்பர்களிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். நான் அறுபத்திரண்டு. டிரைவர் மகள் தேடிப் பிடித்து நூற்றுப் பதினேழை எடுத்தாள். அவள் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் நம்பர் அது. மரம் முறிந்து விழுந்து செத்தவர். "தாத்தா நம்பர் எனக்குத்தான். வேற யாரும் தொட்டீங்க, கைய முறிச்சிடுவேன்" என்றாள்.

ஆளுக்கு ஐந்து தீக்குச்சி. ஒரு கட்டம் நகர்ந்தால் ஒரு குச்சி போய்விடும். குச்சி தீர்ந்தால் இருட்டு. இருட்டில் நடக்கிறவனுக்குப் பகடைதான் கதி. அப்படி இரண்டு பேர் செத்து, வரைபடத்து ஓரத்தில் அவர்கள் நம்பருக்குப் பக்கத்தில் சிலுவை போட்டோம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி வைப்பாள். ஒன்றை எடுத்தால் மற்றது போச்சு. வலப்பக்கம் தண்ணீர்ச் சத்தம், இடப்பக்கம் புகை வாசம், எங்கே போகப் போகிறாய் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். நாங்கள் அடித்துக்கொள்வோம். அதற்கு மேல் ஒரு சட்டம் வைத்திருந்தாள். எந்த ஆபத்தும் சொல்லாமல் வராது. வாசனையோ, சத்தமோ, தடமோ, ஏதாவது ஒன்று முன்னால் வரும். அதைக் கேட்டு வாங்குவது ஆடுகிறவர்கள் பொறுப்பு.

"நூத்திப் பதினேழு, நீ எங்க நிக்கிற?"

"லோங்காங் ஓரமா."

"உன்ர காலுக்குக் கீழ என்ன கிடக்குது?"

"இலை."

"காஞ்ச இலையோ, ஈர இலையோ?"

டிரைவர் மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஈரம்" என்றாள்.

"நாலு நாளா மழை இல்ல. பிறகு எப்படி ஈரம்? வடிவா யோசி."

அடேயப்பா! பட்டப் பகல், வெளியே கோழி கத்துகிறது, கிராணி வீட்டம்மா குசினியில் வெங்காயம் வதக்குகிற வாசம். எனக்குக் கை மயிர் எழுந்து நின்றது. நாம் தினமும் மிதித்து நடந்த தோட்டத்தில் ஈர இலை கிடப்பதற்கு ஒரு காரணம் உண்டு என்று அதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பள்ளிக்கூடம் சொல்லித் தரவில்லை, கோயிலும் சொல்லித் தரவில்லை.

இரண்டாம் வாரம் அக்கா இன்னொரு சட்டம் போட்டாள். பகலில் நாங்கள் நிஜமாகவே கண்ணால் பார்த்துவிட்டு வந்த விஷயம் எதையாவது வரைபடத்தில் சேர்த்தால் ஒரு குச்சி கூடுதல். பார்த்தது பேனா, கேட்டது பென்சில். யாரோ சொன்னது, நாமே நினைத்துக்கொண்டது எல்லாம் பென்சில்; அழித்துவிடலாம். பேனாவில் போட்டதை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அதில் நடக்கக் குச்சியும் வேண்டாம், பகடையும் வேண்டாம். அக்கா எங்களை லோங்காங் தாண்டச் சொல்லவில்லை. இந்தப் பக்கம் நின்று பார்த்தாலே போதும் என்றுதான் சொன்னாள். இதை அடித்துச் சொல்வேன், ஏனென்றால் ஊரே வேறு மாதிரி பேசியது.

டிரைவர் மகளுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. தாண்டினாள். வெட்டிச் சாய்த்த மரங்களுக்கு நடுவே போய், பழைய பால் கொட்டகை போய்விட்டது, இரண்டு பெரிய குழி தோண்டியிருக்கிறார்கள், இப்படித் தினமும் ஒன்று கொண்டு வந்தாள். வரைபடத்தில் பாதிக் கோடு அவள் பேனாவில் போட்டது. குழிகளுக்கு அப்பால் ஒரு மூலையில் மட்டும் 'சுடுகாடு' என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். "அத பேனாவாக்காம நான் தோட்டத்த விட்டுப் போவ மாட்டேன்" என்பாள்.

நான் பயந்தாங்கொள்ளி. அட்டை, நாய், தண்டல், எல்லாவற்றுக்கும் பயம். மூன்றாம் வாரம் என்னிடம் ஒரே குச்சி மிச்சம். அடுத்த ஆட்டத்தில் அறுபத்திரண்டு செத்துவிடும். இன்றைக்கு நினைத்தால் சிரிப்புத்தான் வரும், ஒரு கரையான் அரித்த நம்பருக்காக! அன்றைக்கு எனக்கு அது உயிர். அதைவிட, டிரைவர் மகள் எல்லார் முன்னாலும் "ஆயா மவ வீட்டுக்குள்ளயே தோட்டத்தச் சுத்துவா" என்று சிரித்தது பொறுக்கவில்லை. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் கொட்டகையில் என் அம்மா ஆயா. அந்தக் கொட்டகையின் பின்பக்கம் ஏறி நின்றால் தூரத்தில் அந்த இரண்டு குழிகளும் தெரியும். நடுவில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. மேடாக இருக்கலாம். நிழலாகவும் இருக்கலாம்.

நான் பேனாவை எடுத்து இரண்டு குழிக்கும் நடுவே கோடு போட்டு, 'மேடு, நடக்கலாம்' என்று எழுதினேன்.

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நீ பாத்தியோ?"

"பார்த்தேன்க்கா. நடந்தேன்."

"கால் எவ்வளவு புதைஞ்சது?"

பாருங்கள், அவள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த வித்தை எனக்கு அங்கேதான் உதவியது. "புதையவே இல்ல. சப்பாத்துத் தடம் மட்டும்தான் விழுந்துச்சு. மண்ணு மேல காஞ்சிருக்கு. பாதி வழில ஒரு ஒடஞ்ச மங்கு கெடந்துச்சு" என்றேன். கித்தாப் பால் பிடிக்கிற பீங்கான் மங்கு. ஈர இலை மாதிரி ஒரு சின்ன விஷயம் சேர்த்தால் பொய் நடமாடத் தொடங்கிவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அக்கா ஒரு குச்சியை என் பக்கம் தள்ளினாள். டிரைவர் மகள் என் முதுகில் ஓங்கித் தட்டி, "பரவால்லயே டி!" என்றாள். அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு நாள் கழித்து டிரைவர் சம்சாரம் கிராணி வீட்டுக்கு ஊறுகாய் போத்தலைத் திருப்பிக் கொடுக்க வந்தார். ஜன்னல் வழியாக அவர் காதில் விழுந்தது இதுதான். "நூத்திப் பதினேழு, இருட்டில நிக்கிற. உனக்கு முன்னால என்ன தெரியுது? சொல்லு."

போத்தல் கீழே விழுந்து உடைந்தது.

"எங்கப்பா நம்பரு!" என்று அவர் கத்திய கத்தல் எனக்கு இன்னும் கேட்கிறது. "செத்து எட்டு வருசமாச்சு. அவர ஏன்டி கூப்பிடுறீங்க? என்னாத்துக்கு டி அவர இருட்டுல நிறுத்தி வச்சிருக்கீங்க?" உள்ளே வந்து செக்ரோலைப் பார்த்தார், சிலுவைகளைப் பார்த்தார், பகடைகளைப் பார்த்தார். நம் காலத்தில் நாணயத்தில் விரல் வைத்து ஆவி கூப்பிடுகிற பேச்சு எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது அல்லவா? அவர் வேறு எதை நினைப்பார்? அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்தில் நம் தாய்தகப்பனுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அந்த நம்பர்தான் பேர். நம்பரைக் கூப்பிட்டால் ஆள் வந்தாக வேண்டும், அப்படிப் பழகிப்போனவர்கள்.

"ஆன்ட்டி, இது விளையாட்டு" என்று அக்கா சொல்ல வாயெடுப்பதற்குள் கிராணி வந்து மகள் கன்னத்தில் ஓர் அறை வைத்தார். பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். டிரைவர் சம்சாரம் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். "எங்கப்பன் குழிய அங்க தோண்டிப் போட்டானுங்களோ என்னமோன்னு நான் ராத்திரி தூங்காம கெடக்குறேன். இதுங்க அவரு நம்பர வச்சு வெளாடுதுங்க."

 டிரைவர் மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுபோவது அந்த வாரம் என் முறை, சத்தத்துக்கு நடுவே அதை மடித்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாளுக்கு மறுநாள் காலை, பைப்படியில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். பள்ளிக்கூடச் சப்பாத்து, சட்டைப்பையில் பேனா, ஒரு துண்டு செக்ரோல் தாள்.

"நீ போட்ட மேட்டு வழியா போறேன். தாத்தா குழி இருக்கா இல்லையான்னு பாத்து எழுதிக்கிட்டு வந்து அம்மாகிட்ட காட்டுறேன். சாப்பாட்டுக்குள்ள வந்துடுவேன், யார்கிட்டயும் சொல்லாத."

"முந்தாநாள் மழ பேஞ்சுச்சே" என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "நீ நெசமா நடந்தேதானே?"

நான் சொன்னேன். இத்தனை வருஷத்தில் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. "பேனாவுலதானே போட்டிருக்கேன்" என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள். என் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரம் வந்தது, அவள் வரவில்லை. மூன்று மணிக்குத் தேட ஆரம்பித்தார்கள். யாரோ கிராணி வீட்டு அக்காவைப் பிடித்து உலுக்கினார்கள். அவள் அழுதுகொண்டே ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாளாம். "சுடுகாட்டுக்குத்தான் போயிருப்பாள். வரைபடத்தைப் பாருங்கோ, வழி போட்டிருக்கு. அது ஆயா மகளிட்ட கிடக்கு."

ஆள் வருவதற்குள் சேதி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா என்னைப் பிடித்து இழுத்து, "எங்க டி அந்தத் தாளு?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அம்மா நம்பர்களையும் சிலுவைகளையும் பார்த்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "இந்தச் சனியன் நம்ம வீட்டுல இருந்துச்சுன்னு தெரிஞ்சா நம்ம தலைய உருட்டுவானுங்க. உங்கப்பாவுக்குத் தோட்டத்துக்குப் பதிலா தர்றேன்னு சொன்ன புது வீடும் கெடைக்காது, ஒண்ணும் கெடைக்காது" என்று சொல்லி அடுப்பில் சொருகினாள். அந்தத் தாள் சட்டென்று பிடிக்கவில்லை. முதலில் ஓரம் சுருண்டது, பிறகு என் கோடு இருந்த இடம் பழுப்பாகி ஓட்டை விழுந்தது. கத்தியிருக்கலாம். கையை விட்டு இழுத்திருக்கலாம். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி. அதற்கு வேறு வார்த்தை இருந்தால் போட்டிருப்பேன்.

டிரைவர், தண்டல், மாதா கோயில் உபதேசியார் மூவரும் வந்தார்கள். "அப்படி ஒரு தாளும் இல்லங்க, அந்தப் புள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றாள் அம்மா. டிரைவர் என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். லோரி ஓட்டுகிற பெரிய கை, என் இரண்டு தோளையும் பிடித்தது.

"கண்ணு, எங்க போறேன்னு ஒன்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா மா?"

"இல்ல மாமா."

"அந்தச் சுடுகாட்டுப் பக்கம் போவ வழி கிழி இருக்கா மா?"

"வழியே இல்ல மாமா. நாங்க யாரும் அந்தப் பக்கம் போனதில்ல."

அவர் என் தலையைத் தடவிவிட்டு எழுந்தார். இரண்டு பேர் மட்டும் லோங்காங் வரை போய், மண் ஏற்றுகிற இடத்துக் காவல்காரனைக் கேட்டார்கள். எந்தப் பிள்ளையும் வரவில்லை என்று அவன் கைவிரித்தான். மற்றவர்கள் எல்லாரும் ஆற்றுப் பக்கமும் செம்பனைக் காட்டுப் பக்கமும் போனார்கள். கிராணி வீட்டில் உபதேசியார் அக்காவின் தலைமேல் கை வைத்து ஜெபித்தார். அவர் போனதும் கோயில் பூசாரி வந்து வேப்பிலை அடித்தார். இரண்டு சாமியும் அவளிடம் கேட்டது ஒன்றுதான், 'யார் நீ?' அவள் சொன்னதும் ஒன்றுதான், 'சுடுகாட்டில் போய்ப் பாருங்கோ.' ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இருட்டியதும் தேடுவதை நிறுத்தினார்கள்.

காலையில் புல்டோசர்க்காரன் கண்டான். குழிகளுக்கு நடுவில் மேடு இருந்திருக்கிறது, கூட்டாளிகளே. நான் பார்க்காத மேடு நிஜமாகவே இருந்திருக்கிறது. அவள் அதில் நடந்து அந்தப் பக்கம் போயும் இருக்கிறாள். சட்டைப்பையில் கசங்கிய சுடுகாட்டுக் கம்போஜாப் பூ இரண்டு கிடந்தன. திரும்பி வரும்போதுதான் மண் சரிந்து குழிக்குள் விழுந்திருக்கிறாள். அந்தத் துண்டுத் தாளும் பையில் இருந்தது. பேனா மை கரைந்து தாள் முழுக்க நீலமாகிவிட்டிருந்தது. அவள் என்ன பார்த்தாள், தாத்தா குழி இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அந்த இடத்தையும் வேலி போட்டு அடைத்துவிட்டார்கள்.

இன்னொன்று உண்டு. அதை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். தூக்கப் போன ஆட்களில் என் அப்பாவும் ஒருவர். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டாமலேயே அம்மாவிடம் மெல்லிய குரலில் சொன்னார், நான் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். "குழிச் சொவத்துல படி வெட்டியிருக்குது புள்ள. ஏழு படி. ஏறுறதும் சறுக்குறதுமா நெடுநேரம் போராடியிருக்கு. மழ வந்து தண்ணி ஏறித்தான் உசுரு போயிருக்கு. கையில ஒடஞ்ச மங்கு ஒண்ணு. பிரிக்க முடியல."

ரப்பர் தோட்டத்தில் உடைந்த மங்கு இல்லாத இடம் எது? எதேச்சையாகக் கிடந்ததுதான், எனக்குத் தெரியும். ஆனால் பாதி வழியில் மங்கு கிடக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். அவள் அதைப் பார்த்திருப்பாள். பார்த்ததும் என்னை முழுசாக நம்பியிருப்பாள். மூன்று மணிக்கு நான் வாயைத் திறந்திருந்தால் மழைக்கு முன்னால் அங்கே ஆள் போயிருக்கும். இரண்டு மணி நேரம் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனம். கூண்டுக்குள் முட்டி போட்டு, "பொய் சொன்னேன் சாமி" என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்பார், கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று காத்திருந்தேன். பின்னால் பெரிய வரிசை நின்றது. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். கிராணி வீட்டு வாசலில் மாட்டுச் சாணி விழுந்தது. அந்த அக்காவைப் பார்த்துப் பிள்ளைகள் 'பேய்' என்று ஓடினார்கள், அந்தப் பிள்ளைகளில் நாமும் உண்டு. மாதம் முடிவதற்குள் குடும்பமே ஜாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. டிரைவர் லோரியில்தான் ஏற்றினார், வேறு லோரி கிடைக்கவில்லை. கட்டில்களை அவரே தூக்கி வைத்தார். டிரைவர் சம்சாரம் அதற்குப் பிறகு பைப்படிக்கு வரவே இல்லை. என் அம்மா போன வருஷம் போய்ச் சேரும்வரை அந்த ஆட்டம்தான் பிள்ளையைக் கொண்டுபோனது என்று நம்பினாள். நம்பினாளா, நம்பவேண்டியிருந்ததா, நான் கேட்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் பத்து பெரண்டாமில் ஒரு கல்யாண வரவேற்பு. கைகழுவும் இடத்தில் நரைத்த தலையோடு ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்ததும் தெரிந்துவிட்டது, கிராணி வீட்டு அக்கா. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். சாதாரணமாக நாலு வார்த்தை பேசினோம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்டு கேக்கட்டோ? அந்த மேடு. நீ பாத்தனியோ?" என்றாள்.

எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தவள். "பார்த்தேன்க்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "அப்ப அது என்ர பிழைதான். பேனாவில போட்டது மாறாது எண்டு சட்டம் வைச்சது நான். ஒரு மழை பெய்தால் பேனாவையும் அழிக்க வேணும் எண்டு சொல்லித் தந்திருக்க வேணும். இத்தனை வருசமா அதைத்தான் யோசிச்சுக்கொண்டு கிடக்கிறன்" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போனாள். நானும் போய் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன்.

கூட்டாளிகளே, அந்தக் காப்பிக் கடைப் பிள்ளைகளை விடுங்கள். அவர்கள் பாட்டுக்கு விளையாடட்டும். போன மாதம் உங்களில் ஒருவர், விஷயம் தெரியாமல், கிராணி வீட்டு அக்காவையும் இந்தக் குழுவில் சேர்த்துவிட்டார். 'பேய் ஆட்டம்' என்று எழுதியதையும் உங்கள் கும்பிடுகளையும் என் கும்பிடையும் அவள் பார்த்திருக்கிறாள். பார்த்ததற்கு அடையாளமாக என் கும்பிடில் அவள் பேருக்கு நீலக் குறி விழுந்திருக்கிறது. 

ஆகவே கடைசி வரிகள் உங்களுக்கு இல்லை.

அக்கா, அந்த மேட்டை நான் பார்க்கவில்லை. யாரும் சொல்லிக் கேட்கவும் இல்லை. அது பென்சிலில்கூடப் போட்டிருக்கக் கூடாத கோடு. வரைபடம் என் கையில்தான் இருந்தது, மூன்று மணிக்கு அது முழுசாக இருந்தது. நீ சொன்ன இடத்தில்தான் அவள் இருந்தாள், அப்போது உயிரோடு இருந்தாள். இதைப் பேனாவில் எழுதியிருக்கிறேன்.